அண்ணனுக்கு மெலனோமா: எனக்கும் வருமா?

வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருக்கு வயது 47. அவருடைய அண்ணனுக்கு 53. ஒன்றரை ஆண்டுக்கு முன் அண்ணனின் இடது குதிகாலில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கருந்திட்டு தோன்றியிருக்கிறது. கால் ஆணி என்று நினைத்து, கடையில் வாங்கிய கால் ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டியும், குளித்து முடித்துத் தோல் ஊறியிருக்கும் நேரத்தில் பிளேடால் சீவியும் வந்திருக்கிறார். “கால் ஆணிதான், செருப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று அவருக்குச் சொன்னவளே நான்தான்” என்று எழுதுகிறார் தங்கை. திட்டு புண்ணாகி நீர் கசிந்து, தொடை இடுக்கில் நெறி கட்டிய (நிணநீர் முடிச்சு வீங்கிய) பிறகே மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் மெலனோமா, அதாவது தோலுக்கு நிறம் தரும் அணுக்களில் தோன்றும் புற்றுநோய், என்று வந்திருக்கிறது. ஆழம் 3.2 மில்லிமீட்டர். நெறியில் ஊசி குத்தி எடுத்த மாதிரியிலும் புற்றணுக்கள் இருந்திருக்கின்றன. முதலில் அறுவைச் சிகிச்சை, பிறகு இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களையே புற்றுநோய்க்கு எதிராகச் செயல்பட வைக்கும் மருந்துச் சிகிச்சை) என்று மருத்துவர்கள் சொல்லியிருக்க, கத்தி பட்டால் நோய் உடம்பெங்கும் பரவிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு அண்ணன் தயங்குகிறார்.

தங்கைக்கோ தன்னைப் பற்றியும் அச்சம். நடுவயதுப் பெண்களிடம் மெலனோமா 24 மடங்கு பெருகிவிட்டதாக ஒரு கட்டுரையில் படித்திருக்கிறார். அவருடைய கன்னத்தில் பிறந்ததிலிருந்தே ஒரு மச்சம் உண்டு. வலது கட்டைவிரல் நகத்தில் இரண்டு ஆண்டுகளாக ஒரு கருங்கோடு தெரிகிறது. உடம்பில் உள்ள எல்லா மச்சங்களையும் லேசரில் எடுத்துவிடலாமா என்று கேட்கிறார். தான் உண்ணும் இரத்த அழுத்த மாத்திரை தோல் புற்றுநோயைத் தரும் என்று எங்கோ படித்துவிட்டு, பத்து நாட்களாக அதை நிறுத்தியும் வைத்திருக்கிறார். “ஓரிடத்தில் 94 சதவீதம் பேர் பிழைப்பார்கள் என்கிறார்கள், இன்னோரிடத்தில் ஆறு மாதம் என்கிறார்கள். எதை நம்புவது?” என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய மாத்திரை பற்றிய வரியிலிருந்தே தொடங்குகிறேன்; கடிதத்தில் நாளைவரை காத்திருக்கக் கூடாத செய்தி அது ஒன்றுதான். ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற அந்த மருந்து தோலை வெயிலுக்குச் சற்றுக் கூடுதலாக ஆட்படுத்தும் என்பதும், அதை நெடுங்காலம் உட்கொள்பவர்களிடம் மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்கள் கொஞ்சம் அதிகமாகக் காணப்படுகின்றன என்பதும் உண்மைதான். ஆனால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்த்தபோது, அந்தக் கூடுதல் ஆபத்தை ஆண்டுக்கு 16,000 பேரில் ஒருவர் என்றே மதிப்பிட்டது. அதிலும் பெரும்பங்கு, வெள்ளைத் தோல் உடையவர்களாக இருந்து, மொத்தத்தில் மிக அதிக அளவு மருந்தை எடுத்துக்கொண்டவர்களுடையது. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றும் அதே அறிவிப்பில் இருந்தது. கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தத்தால் 47 வயதில் உங்களுக்கு வரக்கூடிய பக்கவாதமும் மாரடைப்பும் இதைவிட எத்தனையோ மடங்கு பெரிய ஆபத்துகள். இன்றே இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு, உங்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்குங்கள். மனம் ஒப்பவில்லை என்றால், வேறு வகை மருந்துக்கு மாற்றித் தரும்படி அவரிடமே கேட்கலாம். நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடாது.

24 மடங்கு என்பது யாருடைய கணக்கு?

நீங்கள் படித்த எண் பொய்யல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ஓம்ஸ்டெட் கவுண்டியில் 1970 முதல் 2009 வரை பதிவான மெலனோமா நோயாளிகளை ஆராய்ந்து, மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முடிவு அது. 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களிடம் நோய் எட்டு மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. ஆண்களில் நாலரை மடங்கு, பெண்களில் 24 மடங்கு. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆண்டுகள் செல்லச் செல்ல, நோய் கண்டவர்கள் அதனால் இறக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே வந்திருந்தது. நீங்கள் படித்த கட்டுரை இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்த 24 மடங்கைப் புரிந்துகொள்ள மூன்று செய்திகள் தேவை. முதலாவது, அந்தப் பகுதியின் மக்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழி வந்த வெள்ளைத் தோல் உடையவர்கள். இரண்டாவது, 1970களில் அங்கே அந்த வயதுப் பெண்களிடம் நோய் மிகக் குறைவாகவே இருந்தது. சின்ன எண்ணிலிருந்து தொடங்கும்போது மடங்கு பெரிதாகத்தான் தெரியும். மூன்றாவது, அந்த நாற்பது ஆண்டுகளில் இரண்டு பழக்கங்கள் சேர்ந்தே வளர்ந்தன. தோலைப் பழுப்பாக்கிக்கொள்வதற்காகப் புற ஊதா விளக்குப் படுக்கைகளில் படுப்பது ஒன்று; உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் அந்தப் படுக்கைகளைப் புகையிலையோடு ஒரே பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பிரிவில் வைத்தது. இன்னொன்று, சந்தேகத்துக்கு இடமான சின்னத் திட்டுகளையும் உடனுக்குடன் வெட்டிப் பரிசோதிக்கும் மருத்துவப் பழக்கம். தேடத் தேடக் கிடைக்கும். கிடைத்தவற்றில், விட்டிருந்தால் ஆயுள் முழுக்க ஒரு தீங்கும் செய்திருக்காத மெல்லிய திட்டுகளும் சேர்ந்திருக்கும். ஆகவே பெருக்கத்தின் ஒரு பகுதி உண்மையான நோய், மற்றொரு பகுதி கூர்மையான கண்காணிப்பின் விளைவு என்பதே இத்துறையில் பலரும் ஏற்கும் விளக்கம். எந்தப் பகுதி எவ்வளவு என்பதில்தான் வாதம் நடக்கிறது.

அதற்குப் பிந்தைய போக்கு ஒரே திசையில் செல்லவில்லை. அமெரிக்காவில் 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களிடம் மெலனோமா குறைந்து வருகிறது, பெண்களிடம் ஏறாமல் நிற்கிறது. 50ஐத் தாண்டிய பெண்களிடமோ 2015 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் ஏறியது. வெயில் பாதுகாப்புப் பிரச்சாரத்தை 1981லேயே தொடங்கிய ஆஸ்திரேலியாவில், அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையிடம் நோய் குறைந்திருக்கிறது. இறப்பில் வந்த மாற்றம் இதைவிடத் தெளிவானது. அமெரிக்காவில் 20 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் மெலனோமாவால் இறப்போர் விகிதம் 2013க்கும் 2017க்கும் இடையில் ஆண்டுதோறும் சுமார் 7 சதவீதம் சரிந்தது. புற்றுநோய்களில் இப்படி ஒரு சரிவை அரிதாகவே பார்த்திருக்கிறோம். ஏன் சரிந்தது என்பதை உங்கள் அண்ணனைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

நிறம் அடர்ந்த தோல் உடையவர்களுக்கு இந்தப் பெருக்கக் கணக்குகள் அப்படியே பொருந்துவதில்லை. அமெரிக்காவில் வெள்ளையர் ஒருவருக்கு வாழ்நாளில் மெலனோமா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 33இல் 1. கறுப்பினத்தவருக்கு 1,000இல் 1. அதனால் நீங்கள் 24 மடங்கை உங்கள் மேல் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கில் எனக்குக் கவலை தரும் பகுதி வேறு: நோய் கண்டபின் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் வெள்ளையர்களில் 94 சதவீதம் என்றால், கறுப்பினத்தவர்களில் சுமார் 70 சதவீதம்தான். குறைவாக வரும் நோய், வந்தவர்களில் அதிகம் பேரைக் கொண்டுபோகிறது.

யாரும் பார்க்காத இடங்கள்

இதற்குக் காரணங்கள் பல. சிகிச்சை எட்டாத தூரத்தில் இருப்பதும் அதில் ஒன்று. ஆனாலும் முதன்மையானது தாமதம், தாமதத்துக்குக் காரணம் இடம். அடர்ந்த நிறத் தோலில் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களில்தான் வருகிறது. வெயில் படாத இடங்கள் இவை. இந்த வகைக்கும் வெயிலுக்கும் தெளிவான தொடர்பு இதுவரை தெரியவில்லை. கறுப்பாக இருந்தால் தோல் புற்றுநோய் வராது என்ற நம்பிக்கையும், வெயில் படாத இடத்தில் வராது என்ற நம்பிக்கையும் ஒன்றுசேர்ந்து, குதிகாலில் உள்ள கருந்திட்டை யாரும் சந்தேகிக்காதபடி செய்துவிடுகின்றன.

உங்கள் குற்ற உணர்வுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கால் மெலனோமாவைக் கால் ஆணி, மரு, ஆறாத புண், இரத்தக்கட்டு, பூஞ்சைத் தொற்று என்று மருத்துவர்களே தவறாகக் கணிப்பது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகிற செய்தி. பயிற்சி பெற்ற கண்ணுக்கே தப்பிய ஒன்றை நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று உங்களையே தண்டித்துக்கொள்வது நியாயமல்ல. உங்கள் வீட்டார் இனி மனத்தில் வைக்க வேண்டியது ஒரு வேறுபாட்டைத்தான். கால் ஆணியை மேலாகச் சீவினால் உள்ளே வெளிறிய, கண்ணாடி போன்ற கெட்டித் தோல் தெரியும், அழுத்தினால் வலிக்கும், அழுத்தம் தரும் செருப்பை மாற்றிச் சில வாரங்களில் தணியும். மெலனோமாத் திட்டில் கருமை உள்ளேயும் தொடரும். ஓரம் வரைபடக் கரை போல ஒழுங்கற்று இருக்கும். ஒரே திட்டில் பழுப்பும் கருப்பும் சாம்பலும் கலந்திருக்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது. ஒரு மாதத்தில் ஆறாத எந்தக் “கால் ஆணியும்” மருத்துவர் பார்க்க வேண்டியது. இதைச் சீவிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலையையும் வீட்டில் செய்ய வேண்டாம்.

94 சதவீதமா, ஆறு மாதமா?

இரண்டுமே உங்கள் அண்ணனுடைய எண்கள் அல்ல. 94 சதவீதம் என்பது அமெரிக்காவில் எல்லா நிலை நோயாளிகளையும் சேர்த்து எடுத்த சராசரி. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் தோலைத் தாண்டுமுன்பே கண்டுபிடிக்கப்பட்டது. ஆறு மாதம் என்பது, நுரையீரலுக்கோ மூளைக்கோ பரவிய மெலனோமாவுக்குப் பயனுள்ள மருந்தே இல்லாதிருந்த, 2011க்கு முந்தைய காலத்தின் எண்.

அவருடைய எண் பயாப்சி அறிக்கையில் இருந்து தொடங்குகிறது. எடுத்த திசுவை மிக மெல்லிய சீவல்களாக அறுத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கிக்குள் உள்ள அளவுகோலை வைத்து, தோலின் மேலடுக்கிலிருந்து மிக ஆழத்தில் தெரியும் கடைசிப் புற்றணு வரை அளப்பார்கள். அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்கூறியல் மருத்துவர் 1970இல் முன்வைத்த அளவு இது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் முதல் கட்டியைப் பற்றி இதைவிட அதிகம் சொல்லும் ஓர் எண்ணை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மில்லிமீட்டருக்குள் பிடிபட்டால் ஏறத்தாழ எல்லோரும் பிழைக்கிறார்கள். நான்கைத் தாண்டினால் கவலை கூடுகிறது. உங்கள் அண்ணனுடையது 3.2. நெறியிலும் நோய் இருப்பதால் அது மூன்றாம் நிலை.

மூன்றாம் நிலை என்பதும் ஒரே எண் அல்ல. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் நிலைப் பகுப்பில் அதற்குள் நான்கு உட்பிரிவுகள் உண்டு. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 93 சதவீதத்திலிருந்து 32 சதவீதம் வரை போகிறது. எத்தனை நெறிகளில் நோய் உள்ளது, அவை கையால் தொட்டுணரும் அளவுக்குப் பெருத்தவையா, முதல் கட்டி புண்ணாகியிருந்ததா என்பதைக் கொண்டே உட்பிரிவு முடிவாகும். அவருடையது புண்ணாகியும் நெறி தென்பட்டும் இருப்பதால் 93 என்ற மேல்முனையை நான் உங்களுக்குக் காட்ட மாட்டேன். உள்ளங்கால் வகை, மற்ற வகைகளைவிடச் சற்று முரண்டு பிடிப்பது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதே நேரம், அந்தச் சதவீதங்களைக் கணக்கிடப் பயன்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் புதிய மருந்துகள் வருமுன் சிகிச்சை பெற்றவர்கள். அண்ணனுக்கு இன்று கிடைக்கும் சிகிச்சை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நமது நோய் எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறிப் போகாதிருக்க உடலே அவற்றின்மேல் சில தடைகளை வைத்திருக்கிறது. புற்றுநோய் அந்தத் தடைகளைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. அவற்றை விலக்குவதே உங்கள் அண்ணனுக்குச் சொல்லப்பட்ட இம்யூனோதெரபி. இம்மருந்துகளில் முதலாவதான இபிலிமுமாப் 2011இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இதற்கு வழிதிறந்த ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அறுத்தெடுக்க முடியாத அளவு முற்றிய மெலனோமாவுக்கு இபிலிமுமாப்பும் நிவோலுமாப்பும் சேர்த்துத் தரப்பட்ட ஒரு பெரிய ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஒரு காலத்தில் மாதங்களில் எண்ணப்பட்ட நோய் அது. நடுவயதினரின் இறப்பு விகிதம் 2013க்குப் பின் அவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கு முதன்மைக் காரணம் இந்த மருந்துகளும், குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகளும்தான்.

கத்தி பட்டால் பரவுமா?

பரவாது. பயாப்சி செய்ததாலோ, முறையாக அறுத்தெடுத்ததாலோ மெலனோமா பரவுவதில்லை; பயாப்சி செய்யப்பட்ட முறையால் நோயாளிகளின் ஆயுள் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. இந்த நம்பிக்கை எப்படி வேரூன்றியது என்று எனக்குப் புரிகிறது. நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். அறுவைக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருந்தது, அறுவைக்குப் பின் தெரியவருகிறது. பழி கத்தியின் மேல் விழுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு வாதாடுவதைவிட, அண்ணனின் நெறியில் நோய் எப்போது வந்தது என்று அவர்களை யோசிக்கச் சொல்லுங்கள். எந்த அறுவையும் நடக்காத ஒன்றரை ஆண்டுக்குள் வந்தது அது.

குதிகாலில் செய்யப்போவது என்ன என்பதை அண்ணன் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தெரியாததே பாதி பயம். கட்டி இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி ஆழமானது என்பதால், அதைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். குதிகாலில் அந்த இடைவெளி தானாக மூடாது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவோ, பக்கத்துத் தசையையும் தோலையும் நகர்த்தி மூடவோ வேண்டியிருக்கும். சில வாரங்கள் அந்தக் காலை ஊன்ற முடியாது. காலையே எடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தால், இந்த நிலையில் அதற்கான தேவை மிக அரிது என்று சொல்லுங்கள்.

அறுவைக்கு நாள் குறிக்குமுன் கேட்க வேண்டியவை

நான் தோல் மருத்துவர். முடிவு உங்கள் புற்றுநோய் மருத்துவர்களுடையது. ஆனாலும் நான்கு கேள்விகளை அவர்களிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி மிக முக்கியமானது: இம்யூனோதெரபியை அறுவைக்கு முன்பே தொடங்கலாமா? நெறி தொட்டுணரும் அளவுக்குப் பெருத்திருக்கும் நோயாளிகளுக்கு, முழு மருந்தையும் அறுவைக்குப் பின் தருவதைவிட, முதல் சில தவணைகளை முன்பே தந்துவிடுவது நல்ல பலன் தருவதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நோய் மோசமாகாமலும் திரும்பாமலும் இரண்டாண்டைக் கடந்தவர்கள் முன்பே தொடங்கியவர்களில் 72 சதவீதம், பின்னரே தொடங்கியவர்களில் 49 சதவீதம். கட்டி உடலில் இருக்கும்போதே மருந்து போனால், எதிர்ப்பு அணுக்கள் அந்தக் கட்டியைப் பார்த்தே அதை அடையாளம் காணப் பழகிவிடுகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். 2024இல் வந்த மற்றொரு ஆய்வும் இதே திசையைக் காட்டியது. உங்கள் அண்ணன் இந்த வகைக்குள் வருபவராகவே எனக்குத் தோன்றுகிறது. புண்ணின் நிலை போன்ற காரணங்களால் அறுவையை முதலில் செய்வதே சரி என்று அவர்கள் முடிவெடுத்திருக்கலாம். அப்படியானால் அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, வயிறு, நெஞ்சு, மூளை ஆகியவற்றின் ஸ்கேன்கள் முடிந்துவிட்டனவா என்பது; நோய் நெறியோடு நிற்கிறதா என்று தெரியாமல் பெரிய அறுவைக்குப் போவதில் பொருளில்லை. மூன்றாவது, கட்டியில் மரபணுப் பரிசோதனை. பிராஃப் என்ற மரபணு மாற்றம் பொதுவாக மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் இருக்கும். உள்ளங்கால் வகையில் அது குறைவு, கிட் என்ற வேறொன்று சிலரிடம் இருக்கும். எது இருக்கிறது என்று தெரிந்தால் மாத்திரைச் சிகிச்சைக்கும் வழி திறக்கும்.

நான்காவது, பக்கவிளைவுகள். தடை விலக்கப்பட்ட எதிர்ப்பு அணுக்கள் சில வேளைகளில் நல்ல உறுப்புகளையும் தாக்கும். ஒற்றை மருந்தில் சுமார் ஐந்தில் ஒருவருக்கும், இரட்டை மருந்தில் பாதிக்கு மேற்பட்டோருக்கும் கடுமையான விளைவுகள் வரலாம். ஆகவே ஒன்றா இரண்டா என்பதை அவருடைய உடல்நிலையை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். மருந்து தொடங்கிய பின் பேதி, மூச்சிரைப்பு, கண் மஞ்சளாதல், அடங்காத தாகம், அசாதாரணச் சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும், ஒவ்வாத எதையோ சாப்பிட்டதால் வந்தது என்று வீட்டிலேயே மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே சிகிச்சை தரும் குழுவுக்குச் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால் பெரும்பாலானவற்றை ஸ்டீராய்டு மருந்தால் அடக்கிவிடலாம்.

பயாப்சி அறிக்கையின் நகலையும், திசு பதிக்கப்பட்ட கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கி, மெலனோமாவில் பழக்கமுள்ள இன்னொரு நோய்க்கூறியல் மருத்துவரிடம் காட்டுவதற்கு அவருக்கு உரிமை உண்டு. இரண்டாவது கருத்துக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம்; இந்த நோயில் அது வழக்கம்தான். ஆனால் அந்தத் தேடல் வாரக் கணக்கில் முடியட்டும், மாதக் கணக்கில் இழுக்க வேண்டாம்.

உங்கள் கன்னத்து மச்சமும் கட்டைவிரல் நகமும்

உடன்பிறந்தவருக்கு மெலனோமா இருந்தால் ஒருவருக்கு ஆபத்து சுமார் இரு மடங்கு என்று சொல்வது வழக்கம். அந்தக் கணக்கு பெரும்பாலும் வெள்ளைத் தோல் உடையவர்களிடம் எடுக்கப்பட்டது. உங்களுக்கு அது பொருந்தினாலும் மிகச் சிறிய ஓர் எண்ணின் இரு மடங்குதான். நெருங்கிய இரத்த உறவில் பலருக்கு இந்நோய் இருந்தாலொழிய மரபணுப் பரிசோதனை தேவையில்லை.

பிறந்ததிலிருந்து வடிவமும் நிறமும் மாறாமல் இருக்கும் கன்னத்து மச்சத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அழகுக்காக எடுக்க விரும்பினால் தோல் மருத்துவரிடம் வெட்டி எடுத்து, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். லேசரில் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், லேசர் திசுவை எரித்துவிடும். பிறகு அது என்னவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லா மச்சங்களையும் எடுத்துவிட்டால் நோய் வராது என்பதும் சரியல்ல. மெலனோமாக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் மச்சமே இல்லாத சாதாரணத் தோலில் புதிதாகத் தோன்றுபவை. நாற்பதுக்கு மேல் புதிதாக முளைத்து வளரும் கரும்புள்ளிதான் பழைய மச்சத்தைவிட என் கவனத்தை ஈர்க்கும்.

நகத்துக் கோட்டை நான் அவ்வளவு எளிதாக விட மாட்டேன். அடர்ந்த நிறத் தோல் உடையவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது சாதாரணம். உங்களுக்கோ ஒரே ஒரு நகத்தில், அதுவும் கட்டைவிரலில், நடுவயதில் புதிதாக வந்திருக்கிறது. பெரும்பாலும் தீங்கற்றதாகவே இருக்கும். ஆனாலும் தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தே ஆக வேண்டும். இன்றே நல்ல வெளிச்சத்தில் நீங்களும் பாருங்கள்: கோடு மூன்று மில்லிமீட்டரைவிட அகலமா, நுனியைவிட நகத்தின் வேர்ப்பக்கம் விரிந்து முக்கோணம் போல இருக்கிறதா, கருமை நகத்தைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவியிருக்கிறதா, நகம் பிளந்திருக்கிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் போங்கள். எதுவுமே இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள். நகப்பூச்சு இருந்தால் கை, கால் இரண்டிலும் அழித்துவிட்டுப் போங்கள். நக வேரில் பயாப்சி தேவைப்பட்டால், அதன்பின் நகம் சற்றுப் பிளந்து வளரலாம் என்பதையும் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

குடும்பம் முழுவதும் ஆண்டுதோறும் முழு உடல் தோல் பரிசோதனைக்குப் போக வேண்டுமா என்பதில் மருத்துவ உலகிலேயே ஒருமித்த கருத்து இல்லை. ஜெர்மனி 2008 முதல் 35 வயதுக்கு மேற்பட்டோருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை இதைச் செய்கிறது. எதிர்பார்த்த அளவுக்கு இறப்பு குறையவில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2023இல் சொன்னது. என் கருத்து இது: உடன்பிறந்தவர்கள் அனைவரும் ஒருமுறை தோல் மருத்துவரிடம் முழுமையாகக் காட்டிக்கொள்ளுங்கள். பிறகு மாதம் ஒருமுறை வீட்டில் ஐந்து நிமிடம் போதும். உட்கார்ந்து ஒரு காலை மறு தொடைமேல் போட்டு, உள்ளங்காலை விளக்குக்குத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இடுக்குகளைப் பாருங்கள்; இருபது நகங்களையும் பாருங்கள். திட்டு ஏதேனும் இருந்தால், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுத்து, அடுத்த மாதப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

அண்ணனுக்கு இந்தப் பழக்கம் உங்களைவிட அவசியம். ஒருமுறை மெலனோமா வந்தவருக்கு வேறிடத்தில் இரண்டாவதாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். அதனால் சிகிச்சை முடிந்ததும் விட்டுவிடாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதனைக்குப் போக வேண்டும். குதிகாலைத் தானே பார்த்துக்கொள்வது அவருக்குக் கடினம், ஒட்டுத் தோல் போட்ட பிறகு இன்னும் கடினம். அந்தப் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். உங்கள் நகத்தை மருத்துவர் பார்த்த பின் என்ன சொன்னார் என்பதையும், அறுவைக்கு முன் மருந்து தருவது பற்றி அண்ணனின் மருத்துவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.